போதும்பொண்ணு வந்திருக்காளா?

வருகைப் பதிவேட்டில் காலைக்கு ஒரு சாய்கோடு, மதியத்துக்கு எதிர்ப்பக்கமாக இன்னொரு சாய்கோடு. இரண்டும் சேர்ந்து பெருக்கல் குறி ஆகிவிட்டால், அந்தப் பிள்ளை அன்று முழுநாளும் பள்ளிக்கூடத்தில் இருந்ததாக அர்த்தம். வராத பிள்ளைக்குச் சிவப்பு மையில் சின்னதாக ஒரு ‘ஏ’. பையன்கள் பெயரெல்லாம் முதலில். பிறகு ஒரு வரி இடைவெளி. அதற்கும் கீழே பெண்பிள்ளைகள். நீளவாக்கிலான அந்த நோட்டை மேஜைமேல் விரித்துவைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே வாத்தியார் வாசிப்பார். ‘உள்ளேன் ஐயா’ என்று ஒழுங்காகச் சொல்லத் தொடங்கிய குரல்கள், பத்தாவது பெயருக்குள் ‘ள்ளேய்யா’ என்று தேய்ந்துவிடும்.

எண்பதுகளில் ஊர்ப்புறத்து ஆரம்பப் பள்ளியில் படித்த யாரையாவது பிடித்து, “மூணாங்கிளாஸ்ல என்ன படிச்சே?” என்று கேட்டுப் பாருங்கள். பாடம் ஒன்றும் வராது. சிலேட்டு அழிக்கக் கோவை இலை பறித்தது வரும். சத்துணவு மணி அடிக்கும் முன்பே தட்டு கழுவ ஓடியது வரும். டீச்சர் முகம் வராது, சேலை நிறம் மட்டும் வரும். ஆனால் அந்தப் பெயர் வரிசை இருக்கிறதே, அது அப்படியே வரும். “பிச்சைமுத்து, பெருமாள், பேச்சிமுத்து, போஸ்…” என்று ராகத்தோடு சொல்வார்கள். பேச்சிமுத்து எப்படி இருப்பான் என்று கேளுங்கள், விழிப்பார்கள். ஆள் கரைந்துவிட்டான், பெயர் தங்கிவிட்டது.

எங்கள் வகுப்பில் அந்த வரிசையின் கடைசிப் பகுதிக்காகப் பையன்கள் காத்திருப்போம். வாத்தியார், “போதும்பொண்ணு வந்திருக்காளா?” என்பார். பின்வரிசையிலிருந்து எவனாவது, “போதும் சார், போதும்!” என்பான். வகுப்பே சிரிக்கும். அந்தப் பெண் எழுந்து தரையைப் பார்த்துக்கொண்டே ‘உள்ளேன் ஐயா’ சொல்லிவிட்டு உட்காருவாள். நாள் தவறாமல் அதே பகடி, நாள் தவறாமல் அதே சிரிப்பு.

அந்தப் பெயருக்குள் ஒரு வீட்டின் கணக்கு இருந்தது எங்களுக்கு அப்போது தெரியாது. நாலாவதோ ஐந்தாவதோ பெண்ணாகப் பிறந்தவளுக்குத்தான் அப்படிப் பெயர் வைப்பார்கள். தெற்கே போதும்பொண்ணு, போதுமணி. கொஞ்சம் நாசூக்கான வீடுகளில் மங்களம், சம்பூர்ணம். கச்சேரியை முடிக்கப் பாடுவது மங்களம் அல்லவா, அதே பொருளில்தான். திருத்தணி பக்கம் நாராயணபுரத்தில் நாசூக்கெல்லாம் பார்க்காமல் ‘வேண்டாம்’ என்றே வைத்தார்கள். அப்படி வைத்தால் அடுத்தது ஆண்பிள்ளையாகப் பிறக்கும் என்று நம்பிக்கை. வீட்டில் நாளெல்லாம் ‘வேண்டாம், வேண்டாம்’ என்று கூப்பிட்டு, கடவுளுக்கு மனு போடுகிற மாதிரி. மனுவின் தாளாக இருந்தது அந்தப் பெண்ணின் உடம்பு.

இது நம் ஊர்ப் புத்தி மட்டுமல்ல. மராட்டியத்தின் சாத்தாரா மாவட்டத்தில் ‘நகுசா’ என்று பெண் குழந்தைகளுக்குப் பெயர் வைப்பார்கள். அதற்கும் ‘வேண்டாதவள்’ என்றுதான் அர்த்தம். 2011 அக்டோபரில் அந்த மாவட்ட நிர்வாகம் ஒரு விழா நடத்தி, 285 சிறுமிகளுக்கு ஒரே நாளில் புதுப் பெயர் கொடுத்தது.

பெண்ணுக்குப் ‘போதும்’ என்றால், ஆணுக்குப் பிச்சையும் குப்பையும். இதில் கணக்கு தலைகீழ். வேண்டவே வேண்டும் என்று தவமிருந்து பெற்ற பிள்ளைக்குத்தான் மட்டமான பெயர். முதல் இரண்டு மூன்று குழந்தைகள் பிறந்ததும் போய்ச் சேர்ந்திருக்கும். அடுத்ததை எமன் கண்ணிலிருந்து மறைக்க வேண்டும். குப்பைமேட்டில் போட்டுப் புரட்டி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று வைப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்கிக்கொண்டால் தவிட்டாள். நாலு வீட்டில் மடியேந்தி வாங்கிய அரிசியில் பொங்கிச் சாப்பிட்டால் பிச்சை. மூக்கைக் குத்திவிட்டால் மூக்கன், மூக்கம்மாள், மூக்காயி. குறைபட்ட பண்டத்தை எமன் தொடமாட்டான் என்பது ஐதீகம். மண்ணாங்கட்டி என்ற பெயரைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். அதை வைத்த தாய் எத்தனை குழியைப் பார்த்திருப்பாள் என்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். அந்தப் பட்டியலில் உள்ள பிச்சையைத்தான், 2015-ல் கூகுளின் தலைமைப் பொறுப்புக்குச் சுந்தர் பிச்சை வந்த பிறகு, உலகம் முழுக்கச் செய்தி வாசிப்பவர்கள் பவ்யமாக உச்சரிக்கிறார்கள். நல்லவேளை, அர்த்தம் கேட்கவில்லை.

சாமி பெயர்களில் நடக்கும் கூத்து தனி. விழுப்புரம், கடலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் சென்னையில் வந்து, “எம்பேரு பாவாடைங்க” என்று சொன்னால், கேட்டவர் வாயைப் பொத்திக்கொள்வார். மேல்மலையனூர் அங்காளம்மனின் காவல்தெய்வம் பாவாடைராயன் என்பது தெரிந்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். உசிலம்பட்டிப் பக்கம் ஒச்சு, ஒச்சப்பன், ஒச்சாயி என்றால் பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயில் பங்காளிகள். சுடலைமுத்து, இசக்கி, பேச்சி என்றால் தாமிரபரணித் தண்ணீர். சொரிமுத்து என்று எவனாவது மாட்டினால் கிண்டலுக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குத் திரளும் கூட்டத்தில் நின்று அந்தப் பெயரைக் கிண்டல் பண்ணிப் பாருங்கள் தெரியும். தாணு, தாணுமாலயன் என்றால் சுசீந்திரம். மாதையன், மாதேஷ் என்றால் தர்மபுரி, மேட்டூர், மாதேஸ்வரன் மலை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பெயரைக் கேட்டே ஊரைச் சொல்லிவிடுகிற பெரியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஆதார் அட்டை தேவைப்பட்டதில்லை.

கடற்கரையில் கதை வேறு. தூத்துக்குடிப் பரதவர்கள் 1530-களில் திருமுழுக்குப் பெற்றபோது போர்த்துக்கீசியர் கொடுத்த பெர்னாண்டோவும் மச்சாடோவும் ரொட்ரிகோவும் இன்றும் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கின்றன. அதே வேதக்காரர்கள் ஜோசப்பைச் சூசை ஆக்கினார்கள். பீட்டர் ராயப்பன் ஆனார், பால் சின்னப்பன் ஆனார், இக்னேஷியஸ் இன்னாசி ஆனார். வருகைப் பதிவேட்டில் ‘சூசை பெர்னாண்டோ’ என்று ஒருவன் இருந்தால், ஒரே பெயருக்குள் இரண்டு கண்டம்.

சாமி பெயர்களில் ரொம்பப் பாவப்பட்டது மொக்கைச்சாமியும் மொக்கராசுவும்தான். மதுரை, தேனி வட்டாரத்தில் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு வைத்த கம்பீரமான பெயர்கள். எங்கிருந்தோ கல்லூரிப் பசங்கள் ‘மொக்கை’ என்பதை வேறு அர்த்தத்தில் பேச ஆரம்பித்தார்கள். சினிமாக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அறுபது வயது விவசாயி ஒருவர் பேங்க் கவுன்டரில் தன் பெயரைச் சொல்ல, உள்ளே இருக்கும் இருபத்தைந்து வயது பெண் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. மொழிதான் அவர் காலடியிலிருந்து நகர்ந்துவிட்டது.

எல்லாச் சிரிப்பும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சூத்திரனுக்கு இழிவான பெயர் வைக்க வேண்டும் என்று எழுதிவைத்தது மனுஸ்மிருதி. அது ஏட்டோடு நிற்கவில்லை. சேரிப் பிள்ளைக்குச் ‘சாமி’ என்று முடியும் பெயர் வைத்தால், ஆண்டைமார் வாயில் அது ‘சாமி’ என்று வந்துவிடுமே என்று முகம் சுளித்த ஊர்கள் உண்டு. முனுசாமி என்று வைத்தாலும் கூப்பிடும்போது முனியன்தான், கந்தசாமி கந்தன்தான். ஆக, வகுப்பில் குப்பனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில், எமனுக்குப் பயந்து வைத்த குப்பனும் இருந்தான், வேறு பெயர் வைக்க விடாததால் குப்பனானவனும் இருந்தான். எட்டு வயதில் அந்த வித்தியாசம் எங்களுக்கு எப்படித் தெரியும்? வாத்தியாருக்குத் தெரிந்திருக்கும்.

பெயரை ஆயுதமாகக் கையிலெடுத்தது சுயமரியாதை இயக்கம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய மாநாடு, பெயருக்குப் பின்னால் உள்ள சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. பட்டம் போன இடம் காலியாகவே நின்றது. முன்னால் ஓர் இன்ஷியல், பின்னால் ஒன்றுமில்லை என்பது தமிழன் அடையாளமாயிற்று. பெரியார் 1932-ல் சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த பிறகு, தோழர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தால் ரஷ்யா, மாஸ்கோ என்று பெயர் வைத்தார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். தொல். திருமாவளவன் ஒரு படி மேலே போனார். தன் பெயர் தமிழ்ப் பெயர்தான், அப்பா பெயர்தான் ராமசாமி. அப்பாவுக்கே தொல்காப்பியன் என்று பெயர் சூட்டி, அந்தத் ‘தொல்’லைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார். பிள்ளை அப்பனுக்குப் பெயர் வைத்த கதை வேறெந்த ஊரில் நடக்கும்?

மு.க. ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1. நாலு நாள் கழித்து மாஸ்கோவில் ஜோசப் ஸ்டாலின் இறந்தார். சென்னையில் நடந்த இரங்கல் கூட்டத்தில் பேசிய கருணாநிதி, தன் பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைப்பதாக அறிவித்தார். அதற்கு முன் மனதில் இருந்த பெயர் அய்யாத்துரை. ‘அய்யா’ பெரியாருக்கு, ‘துரை’ அண்ணாதுரைக்கு. பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன இடத்தில் இந்தப் பெயரோடு சேர்க்கத் தயங்கியதாகவும், பள்ளிக்கூடத்தை மாற்றினாலும் மாற்றுவேன், பெயரை மாற்றமாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டதாகவும் ஸ்டாலினே மேடைகளில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். 1989-ல் அவர் ரஷ்யா போனபோது பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரிகள் ஏகப்பட்ட கேள்வி கேட்ட பிறகே உள்ளே விட்டார்களாம். அங்கே அந்தப் பெயரின் மவுசு அதற்குள் இறங்கியிருந்தது.

இப்படித்தான் ஒவ்வொரு பத்தாண்டும் பதிவேட்டில் ஒரு அலையை விட்டுச் சென்றது. ராமநாதபுரம், மதுரைப் பக்கம் வகுப்புக்கு ஒரு போஸ், ஒரு நேதாஜி, ஒரு காந்தி. போஸும் காந்தியும் மதிய இடைவேளையில் கட்டிப் புரண்டு சண்டை போடுவார்கள், நேரு வந்து விலக்கிவிடுவார். எடிட்டர் லெனின், இயக்குநர் பீம்சிங்கின் மகன். நடிகர் விக்ரமின் சொந்தப் பெயர் கென்னடி. ஆட்சி மாறிய அறுபதுகளுக்குப் பிறகு இளங்கோவன், தமிழ்ச்செல்வி, கயல்விழி, கனிமொழி என்று ஒரே வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். அங்கேயும் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. ‘ழ’ வராத வாத்தியார் வாயில் கயல்விழி ‘கயல்விளி’ ஆகி, பையன்கள் அதற்கு ஒரு விளி போட்டார்கள்.

இதெல்லாம் வீட்டில் வைத்த பெயர்கள். ஆனால் நம் பெயர்களில் பாதி வீட்டிலேயே பிறக்கவில்லை. அவை பிறந்த இடம் ஜூன் மாதத்து முதல் வாரத்தில் தலைமையாசிரியர் மேஜை. அங்கே நடந்தது இரண்டாவது பெயர்சூட்டு விழா. அதற்குத் தொட்டில் கிடையாது, பால் பாயசம் கிடையாது. சாட்சிகளும் இல்லை என்றே சொல்லலாம். ஒரு சாட்சிக்கு ஐந்து வயது, இன்னொரு சாட்சி கைநாட்டு.

காட்சி எல்லா ஊரிலும் ஒன்றுதான். “கையைத் தலைக்கு மேல சுத்திக் காதைத் தொடுடா” என்பார் ஹெட்மாஸ்டர். வலது கை தலையைத் தாண்டி இடது காதை எட்டினால் ஐந்து வயது முடிந்துவிட்டது. எட்டாவிட்டால் அடுத்த வருஷம். அரை விரல் இடைவெளி இருந்தால் ஹெட்மாஸ்டரின் மனசு பொறுத்தது. பிள்ளையும் தலையைச் சாய்த்துப் பார்க்கும், தோளைத் தூக்கிப் பார்க்கும்.

“எப்பம்மா பொறந்தான்?”

“மழை பேஞ்சு கம்மா ஒடஞ்ச வருஷமுங்கய்யா.”

அவர் பேனாவைத் திறந்து மே மாதத்தில் ஒரு தேதியைப் போடுவார். ஜூனில் ஐந்து முடிந்திருக்க வேண்டுமே.

“பேரு?”

“வீட்ல சாமின்னு கூப்பிடுவோமுங்க. நீங்களே நல்லதா ஒண்ணு போட்டு விடுங்கய்யா.”

அவர் முதல்நாள் சேர்த்த பிள்ளைக்கு முருகன் என்று எழுதியிருப்பார், அதனால் இவன் முருகேசன். அதற்குப் பிறகு வரும் ஒருவன் முருகானந்தம். கற்பனை தீர்ந்துபோன ஹெட்மாஸ்டர்களும் உண்டு. அந்தப் பள்ளிக்கூடங்களில்தான் ஒரே வகுப்பில் ஐந்து செல்வராஜ்.

இந்த மேஜைக்குத் தப்பியவர்கள் குறைவு. குடியரசுத் தலைவராக இருந்த கே.ஆர். நாராயணனின் பிறந்தநாள் 1920 அக்டோபர் 27 என்பது, பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போன மாமா ஒரு யூகத்தில் சொன்ன தேதி. அதையே கடைசிவரை அதிகாரபூர்வமாக வைத்துக்கொண்டார் அவர். ராஷ்டிரபதி பவனுக்கு வந்த வாழ்த்துகளெல்லாம் அந்த மாமாவின் வாய்க்கு வந்த தேதிக்குத்தான். அவர் பிறந்த கேரளத்தில் ஆண்டுதோறும் மே 31 அன்று ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்கள் ஒரேயடியாக ஓய்வுபெறுகிறார்கள். வருஷா வருஷம் மே மாதத்தில் மட்டும் மலையாளப் பெண்கள் கூடுதலாகப் பெற்றுப்போட்டார்கள் என்றா அர்த்தம்? எல்லாம் ஹெட்மாஸ்டர் பேனா செய்த வேலை.

ஆசிரியர் பெயர் மாற்றுவது ஹெட்மாஸ்டர் மேஜைக்கும் முந்தைய வழக்கமாக இருக்க வேண்டும். உ.வே.சா.வுக்கு வீட்டில் வைத்த பெயர் வேங்கடராமன். 1871-ல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போனபோது, பிள்ளையவர்களுக்கு அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட மனம் ஒப்பவில்லை. வேறு பெயர் உண்டா என்று கேட்டார். வீட்டில் சாமிநாதன், சாமா என்று செல்லமாகக் கூப்பிடுவதைச் சொன்னார்கள். ஆசிரியர் சாமிநாதனைப் பிடித்துக்கொண்டார். தமிழ்த் தாத்தாவின் பெயர் அன்றைக்கு முடிவானது. கடல் தாண்டிப் போனாலும் இதே கதைதான். ரொலிலாலா என்ற பையன் பள்ளிக்கூடம் போன முதல் நாளில் ஆசிரியை அவனுக்கு வைத்த பெயர் நெல்சன். பின்னொட்டு உங்களுக்கே தெரியும், மண்டேலா.

வீட்டுப் பெயரும் பள்ளிக்கூடப் பெயரும் வேறுவேறாக இருந்ததற்கு ஹெட்மாஸ்டரை மட்டும் குறை சொல்ல முடியாது. மூத்த பிள்ளைக்குத் தாத்தா பெயர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. பிறகு எப்படிப் பிள்ளையைக் கூப்பிடுவாள்? ராசா, தம்பி, சாமி, அய்யா, துரை என்று ஏதோ ஒன்று. விருதுநகரில் 1903-ல் பிறந்த ஒரு பிள்ளைக்குக் குலதெய்வமான காமாட்சியின் பெயரை வைத்தார்கள். அம்மா சிவகாமி வாயில் ‘ராஜா’. இரண்டும் கலந்து காமராஜ் ஆனது. ஆண்பிள்ளைக்கு அம்மன் பெயர் என்று அன்றைக்கு யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை.

இந்த இரட்டைப் பெயரின் உச்சகட்ட வேடிக்கை ஒன்றாம் வகுப்பு முதல் வாரத்தில் நடக்கும். வாத்தியார் “பாலசுப்பிரமணியன்!” என்று கூப்பிடுவார். பதில் வராது. இன்னொரு தடவை கூப்பிட்டுவிட்டுச் சிவப்பு ‘ஏ’ போட்டுவிடுவார். பாலசுப்பிரமணியன் முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பல்பம் தின்றுகொண்டிருப்பான். அவனுக்கு அவன் பெயர் தம்பிராசு என்றுதான் தெரியும். யாரோ பாவம், பாலசுப்பிரமணியன் என்று ஒருத்தன் தினமும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறான் என்று நினைத்திருப்பான். அக்கா யாராவது மேல் வகுப்பிலிருந்து வந்து, “டேய், அது நீதாண்டா” என்று சொல்லும்வரை இது ஓடும்.

நீளப் பெயர்களைப் பதிவேட்டின் கட்டம் வெட்டியது. எழுத்தாளர் கி.ரா.வின் முழுப்பெயர் ராயங்கல ஸ்ரீகிருஷ்ண ராஜ நாராயண பெருமாள் ராமானுஜம். எந்த வாத்தியாரின் கட்டத்துக்குள் அடங்கும்? மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவன், அங்கேயும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தன் படிப்பைப் பற்றி அவரே சொல்வார். அவருடைய ‘கோபல்ல கிராமம்’ நாவலில் அடைமொழி இல்லாத நாயக்கரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கரிசல்காட்டில் பட்டப்பெயர்தான் நிஜப் பெயர், மற்றதெல்லாம் பத்திரப்பதிவுக்கு.

பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். தாத்தா வைத்தது ஒன்று, ஹெட்மாஸ்டர் எழுதியது ஒன்று என்றால், மூன்றாவதாகப் பையன்கள் வைத்ததுதான் சாகும்வரை நிற்கும். ஒரு நாள் மூக்கு ஒழுகியதற்காக ஒருத்தன் ஆயுசுக்கும் ‘சளி’. வாய்ப்பாட்டில் தடுக்கிய இடத்தை வைத்து ஒருத்தன் ‘ஏழெட்டு’. இப்போது வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் பெரிய மனிதர்கள். ஒருவர் தாசில்தார், ஒருவர் துபாயில் சூப்பர்வைசர். பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டால் ஒருவருக்கும் ஞாபகம் வராது. “டேய், நாந்தாண்டா சளி” என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்ததும் முப்பது சிரிப்பு பொம்மை விழும். அப்புறம் சண்டை ஆரம்பிக்கும். ஆகாயம் என்று ஒருத்தன் இருந்தானா இல்லையா? இருந்தான், என் பக்கத்தில்தான் உட்காருவான் என்று ஒருவர். அது ஐந்தாம் வகுப்பு பி பிரிவு என்று இன்னொருவர். பி பிரிவே கிடையாதே என்று மூன்றாமவர். குரூப் போட்டோவைப் போட்டு வட்டம் போடுகிறார்கள். வட்டத்துக்குள் இருக்கும் பையன் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியதால், அவன் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

தமிழ் சினிமா இந்த மூன்றாவது பெயரின் வலியை ஒழுங்காகப் புரிந்துகொண்டது. 1977-ல் வந்த ‘16 வயதினிலே’ படத்தில் ஊரே சப்பாணி என்று கூப்பிடுபவனுக்கு மயில் சொல்லிக்கொடுப்பது அவன் பெயரைத்தான். கோபாலகிருஷ்ணன் என்று சொல், சப்பாணி என்று கூப்பிட்டால் அறை விடு என்கிறாள். படத்தின் திருப்பமே அங்கேதான். 1994-ல் ‘அமைதிப்படை’ அதைத் திருப்பிப் போட்டது. கோயில் வாசலில் தேங்காய் பொறுக்கிய அமாவாசை, எம்.எல்.ஏ. ஆனதும் நாகராஜசோழன் ஆகிவிடுகிறான். பதவி வந்தால் முதலில் மாறுவது பெயர்ப்பலகை என்று இயக்குநர் மணிவண்ணனுக்குத் தெரிந்திருந்தது.

நிஜ வாழ்க்கையில் நாகராஜசோழன் ஆவது அவ்வளவு சுலபமில்லை. அரசிதழில் விளம்பரம் கொடுக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், வெளியான பிரதியைப் பத்திரமாக வைத்து ஆபீஸ் ஆபீஸாகக் காட்ட வேண்டும். அந்தப் பக்கங்களைப் புரட்டினால் பொழுதுபோவதே தெரியாது. எழுத்து ஒன்றைக் கூட்டிக்கொண்டவர்கள், ஜோசியர் சொல்லி ‘எச்’ சேர்த்தவர்கள், மதம் மாறியவர்கள், ஹெட்மாஸ்டர் விட்ட ஒற்றெழுத்தை ஐம்பது வயதில் பிடித்தவர்கள்.

அப்படியும் தப்பிக்க முடியாத இடம் விமான நிலையம். ஒற்றைப் பெயரோடும் அப்பாவின் ஓரெழுத்தோடும் வாழ்கிற தமிழனைப் பார்த்து உலகம், “குடும்பப் பெயர் எங்கே?” என்று கேட்கிறது. இல்லாததை எங்கே போய்த் தேடுவது? அப்பா பெயரைக் கடைசியில் சேர்த்தால் வெளிநாட்டு ஆபீஸில் எல்லாரும் நம்மை அப்பா பெயரால் கூப்பிடுவார்கள். வீட்டில் அப்பா பெயரைச் சொல்லாமல் வளர்ந்தவனுக்கு, நாளெல்லாம் ‘மிஸ்டர் கருப்பையா’ என்று கேட்டுத் திரும்பிப் பார்ப்பது ஒரு தண்டனை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதியில்லை என்று அறிவித்ததும், திருச்சி, சென்னை டிராவல் ஏஜென்ட்டுகளின் போன்கள் சூடாகின. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு சொன்னார்கள். சாதியை வெட்டிய தாத்தா தலைமுறைக்குத் துபாய் இமிகிரேஷன் கவுன்டர் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருந்தாலும் வெட்டியிருப்பார்கள்.

ஹெட்மாஸ்டர் மேஜையின் அதிகாரம் இப்போது போய்விட்டது. 2023 அக்டோபர் முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கைக்கும் வேறு பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டத் திருத்தம் வந்தாயிற்று. பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பிள்ளையின் பெயரை ஏற்றும்போது ஓர் எழுத்து பிசகினாலும் ஆதாரோடு ஒட்டாது. காதைத் தொடச் சொல்லும் வேலையெல்லாம் இல்லை. ஆனால் பெயரில்லாமலே பிறப்பைப் பதிவு செய்துவிட்டு, பிறகு பெயரைச் சேர்த்துக்கொள்ளப் பதினைந்து ஆண்டுவரை வழியிருக்கிறது. அந்த இடைவெளியில் நியூமராலஜிக்காரரும் செல்போன் செயலியும் புகுந்துகொள்கிறார்கள். ‘த’வில் ஆரம்பிக்க வேண்டும், கூட்டுத்தொகை ஐந்து வர வேண்டும், யாருக்கும் இருக்கக்கூடாது. தேடித் தேடி எல்லாரும் ஒரே பெயரில் வந்து நிற்கிறார்கள். தன்ஷிகா, தன்விகா, தன்யா ஸ்ரீ. பையன் என்றால் ரித்விக், ருத்விக், ரிஷ்விக். தமிழ்ப் பெயர்தான் வைப்போம் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் யாழினியிலும் இனியனிலும் வந்து சேர்கிறார்கள்.

மதுரைப் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கும் டீச்சர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் வகுப்பில் மட்டும் மூன்று யாழினி. வருகைப் பதிவு இப்போது செல்போனில்தான். “கூப்பிட்டா மூணு பேரும் எந்திரிக்குதுங்க சார். நானும் யாழினி எஸ், யாழினி கே, யாழினி எம்னு இன்ஷியல் வச்சுக் கூப்பிட்டுப் பார்த்தேன். பிள்ளைங்களுக்கு அது பிடிபடவே இல்ல” என்றார்.

“அப்புறம் என்ன பண்ணுனீங்க?”

“நான் எதுவும் பண்ணல. அதுகளே பிரிச்சு வச்சுக்கிடுச்சுங்க. ஒண்ணு நெட்டை யாழினி, ஒண்ணு அழுமூஞ்சி யாழினி. மூணாவது ஒண்ணு இருக்கே, அது பேரு முட்டை.”